வரிசையின் கடைசி ஆள்

லீஸ்வில், லூசியானா
பிப்ரவரி 11, 2023

அன்புள்ள ஜோலீனுக்கு ஆல்சீட் கிட்ரி எழுதிக்கொள்வது.

உன் கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. இங்கே நான் நலம் என்று எழுதினால் என் வலது முழங்கால் கோபித்துக்கொள்ளும். மற்றபடி நலம். என் வீட்டுக்காரி யூலா உனக்கு அன்பைச் சொல்லச் சொன்னாள். எங்கள் ராணுவ மெஸ்ஸில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து சர்க்கரை தின்ற ஆறு வயதுக் குழந்தையாகத்தான் அவளுக்கு உன்னை நினைவிருக்கிறது. உனக்கும் ஐம்பது நெருங்குகிறது என்றேன். நம்ப மாட்டேன் என்கிறாள்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அப்பா முப்பது பவுண்டு இளைத்துவிட்டார், இப்படியே போனால் இரண்டு வாரத்தில் வயிற்றில் குழாய் போட வேண்டும் என்கிறார் டாக்டர், ஆனால் குழாயே வேண்டாம் என்று அப்பா முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். அதைவிட அடுத்து எழுதியிருந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. "தட்ட வெச்சதும் எல்லாரும் சாப்பிட்டாச்சான்னு கேக்குறார் அங்கிள். ஆச்சுப்பான்னு சொன்னா, இல்ல, மூணு பேரு இன்னும் வரலன்னு தட்டத் தள்ளி வெச்சிடுறார். யாருப்பா அந்த மூணு பேருன்னா வாயத் தொறக்க மாட்டேங்கிறார்."

அம்மா போன துக்கத்தில் பேசுகிறார் என்று நீ நினைக்கிறாய். டாக்டர் பக்கவாதத்தில் மூளை குழம்பிவிட்டது என்கிறார். இரண்டும் இல்லை, ஜோலீன். அந்த மூன்று பேர் யார் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா அவர்களுக்காக ஏன் காத்திருக்கிறார் என்பதும் தெரியும். அவர் காத்திருக்கத் தேவையில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை வருடம் சொல்லாமல் இருந்தது என் தப்பு.

இத்துடன் அவருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். பொட்டலத்தில் ஒரு நீளக் கரண்டியும் இருக்கிறது. நான் வேலையை விட்டு வரும்போது அரசாங்கத்துக்குத் தெரியாமல் எடுத்து வந்தது. யாரிடமும் சொல்லாதே.

மத்தியானம் அவரைக் கட்டிலில் அல்ல, மேஜையில் உட்கார வை. எங்கள் மெஸ்ஸில் போடுவது போல, வறுத்த பிரெட்மேல் இறைச்சி போட்ட வெள்ளைக் கிரேவி ஊற்று. பக்கத்தில் டின் பீட்ரூட் இரண்டு துண்டு வை. பீட்ரூட் எதற்கு என்று இப்போது கேட்காதே. ஆறின குழம்பைக் கொடுத்தால் எனக்குத் தெரிந்துவிடும். ஒரு காலிப் பாத்திரத்தையும் கரண்டியையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, கடிதத்தைச் சத்தமாகப் படி. நடுவில் அவர் அழுதால் நிறுத்தாதே. தூங்கிவிட்டால் நாளைக்கு முதலிலிருந்து தொடங்கு. என்மேல் கோபப்பட்டால் படட்டும். கோபப்படவும் தெம்பு வேண்டும், அதற்கும் அவர் சாப்பிட்டாக வேண்டும்.

உன் அன்புள்ள,
சார்ஜண்ட் அங்கிள்


லீஸ்வில், லூசியானா
பிப்ரவரி 11, 2023

மதிப்பிற்குரிய ஜெனரல் வெண்டல் கிம்பால் அவர்களுக்கு, உங்கள் பழைய மெஸ் சார்ஜண்ட் கிட்ரி சல்யூட் வைத்து எழுதுவது.

சார், பெர்னிஸ் அம்மாவின் அடக்கத்துக்கு வர முடியவில்லை. முழங்காலை அறுத்துத் தைத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவர்கள் கையால் எழுதிய கிறிஸ்துமஸ் அட்டைகள் நாற்பதுக்கு மேல் என்னிடம் இருக்கின்றன. "எங்க வீட்டுக்காரர் இன்னும் பீட்ரூட்டப் பாத்தா சிரிக்கிறார்" என்று ஒவ்வொன்றிலும் ஒரு வரி சேர்த்து எழுதுவார்கள். போன வருடத்து அட்டையிலும் அந்த வரி இருந்தது.

ஜோலீனுக்கு அந்தக் கதை தெரியாது போலிருக்கிறது. படித்துக்கொண்டிருக்கும் அவளுக்காகச் சொல்கிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1973. டெக்சாஸில் களப்பயிற்சி. நீங்கள் பட்டாலியனுக்கு வந்து மூன்றாவது நாள். சட்டை மடிப்புக் கலையாத இரண்டாம் லெப்டினன்ட். நான் கரண்டி பிடிக்கும் வெறும் சமையல்காரன். சோற்று வரிசையில் எண்பது லாரி டிரைவர்கள் நிற்க, நீங்கள் நேராக வந்து முதல் ஆளுக்கு முன்னால் தட்டை நீட்டினீர்கள். கெட்ட எண்ணம் இல்லை, யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். நான் கரண்டியை உங்கள் தட்டின்மேல் குறுக்காக வைத்தேன். "லெப்டினன்ட் சார், வரிசையோட வாலு அந்தப் பக்கம் இருக்கு. அதிகாரிங்களுக்கு வாலுதான்" என்றேன். எண்பது பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். இன்றோடு என் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

உங்கள் காது இரண்டும் சிவந்தன. "நன்றி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வால் பக்கம் போனீர்கள். உங்கள் முறை வந்தபோது இறைச்சி தீர்ந்துவிட்டது, உருளைக்கிழங்கும் தீர்ந்துவிட்டது. வினிகரில் ஊறிய பீட்ரூட் மட்டும் மிச்சம். யாருமே தொடாதது. அதை ஒரு மலை அளவு வாங்கிப் போய் லாரிப் படியில் உட்கார்ந்து முழுவதும் தின்றீர்கள். திரும்பி வந்து "நல்லா இருந்துச்சு" என்று வாய்கூசாமல் பொய் சொன்னீர்கள். உதடெல்லாம் சிவப்பு. அன்றிலிருந்து டிரைவர்கள் உங்களுக்குப் பீட்ரூட் லெப்டினன்ட் என்று பெயர் வைத்ததும், அதை நீங்கள் கேட்டும் கேட்காதது போல் போனதும் எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் ஒரு நாள்கூட நீங்கள் கடைசி ஆளாக நிற்காமல் நான் பார்த்ததில்லை. கேப்டன் ஆனீர்கள், மேஜர் ஆனீர்கள், கர்னல் ஆனீர்கள். மழையில் நின்றீர்கள், பனியில் நின்றீர்கள். கடைசிச் சிப்பாய் வாங்கியதும் நான் கரண்டியால் பாத்திர விளிம்பில் இரண்டு அடி அடிப்பேன். வரிசை மூடியாயிற்று என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டால்தான் நீங்கள் தட்டை எடுப்பீர்கள். ஒரு தடவை நான் அடிக்க மறந்துபோய் நீங்கள் இருபது நிமிடம் தூணில் சாய்ந்து நின்றீர்கள். "என்ன சார், யாருக்காக நிக்கிறீங்க?" என்று கேட்டேன். "நீ இன்னும் மூடலயே, கிட்ரி" என்றீர்கள்.

உங்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டிய விஷயங்கள் பல. அதில் வான்கோழி விஷயம் பெரிது. 1981ஆம் ஆண்டு நன்றி தெரிவிக்கும் நாள், வான்கோழி விருந்து. நான் புதிதாக மெஸ் சார்ஜண்ட் ஆன திமிர் தலைக்கேறியிருந்தது. என் அம்மா செய்வது போல் செய்து காட்டுகிறேன் என்று, இருபத்தாறு வான்கோழிகளின் வயிற்றிலும் முந்தின நாளே ரொட்டிப் பூரணத்தை அடைத்து வைத்தேன். அம்மா ஒன்றுக்குச் செய்தாள், அடுப்பில் ஏற்றும்போது அடைத்தாள். நான் படித்த ராணுவச் சமையல் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அப்படிச் செய்யாதே என்று போட்டிருக்கிறது. விடிவதற்குள் பூரணம் கெட்டுப்போய், தொண்ணூறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறை வாசலில் வரிசை கட்டினார்கள். அந்த வரிசையிலும் நீங்கள்தான் கடைசி என்று பிறகு பேசிக்கொண்டார்கள். உண்மையா என்று நான் கேட்டதில்லை.

விசாரணை வந்தது. என் சார்ஜண்ட் பட்டைகளைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். யூலா அப்போது நிறைமாதம். நீங்கள் ஒரு தாளில், சமையல் திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தது நான், பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். அதனால் மேஜர் பதவி உங்களுக்கு ஒரு வருடம் தள்ளிப்போனது. உங்கள் அறைக்கு வந்து நன்றி சொல்ல வாயெடுத்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை நீங்கள். "நன்றியெல்லாம் வேணாம். அடுத்த வருஷம் கோழிய காலி வயித்தோட வேக வை" என்றீர்கள். அந்த ஒரு தாளால் என் மூன்று பிள்ளைகளும் சாப்பிட்டு வளர்ந்தார்கள், சார். மூத்தவள் இப்போது பள்ளிக்கூடத் தலைமையாசிரியை.

அடுத்த வருடம் காலி வயிற்றோடுதான் வேகவைத்தேன். முழு விழா உடையில், மார்பு நிறையப் பதக்க ரிப்பன்களோடு நீங்கள் சிப்பாய்களுக்குப் பரிமாற வந்தீர்கள். ஏப்ரன் கட்டச் சொன்னால் கேட்கவில்லை. ரிப்பன்மேல் கிரேவி கொட்டியது. பெர்னிஸ் அம்மா பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தும் போகவில்லை என்று அட்டையில் எழுதினார்கள்.

நீங்கள் ஓய்வு பெற்ற நாளில் எங்கள் ஊர்ச் செய்தித்தாளில்கூட அரைப் பக்கம் போட்டார்கள். முப்பத்தைந்து வருட சேவை, மூன்று நட்சத்திரம், இத்தனை பதக்கம் என்று பட்டியல். என்னையும் யூலாவையும் விமானச் சீட்டு அனுப்பி வரவழைத்தீர்கள். மேடையில் ஒரு செனட்டர் உங்கள் வெள்ளி நட்சத்திரப் பதக்கத்தைப் பற்றிப் பேசினார். கண்ணிவெடி வயலுக்குள் வெறும் காலடித் தடத்தை நம்பி நான்கு முறை போய் நான்கு பேரைத் தூக்கி வந்த வீரர் என்றார். எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நானும் தரையைத்தான் பார்த்தேன். காரணம் வேறு.

சார், இனி நான் சொல்லப்போவதை 1991ஆம் ஆண்டே சொல்லியிருக்க வேண்டும்.

வளைகுடாப் போரின்போது பாலைவனத்தில் அந்தக் காலைவேளை உங்களுக்கு மறந்திருக்காது. முன்னால் போன டாங்கிகளுக்கு எரிபொருள் தீர்ந்துவிட்டது என்று செய்தி. நம் இருபத்திரண்டு எரிபொருள் லாரிகளும் உடனே கிளம்ப வேண்டும். நான் அப்போதுதான் அறுநூறு முட்டையை உடைத்து ஊற்றியிருந்தேன். நீங்கள் வந்து, "அடுப்ப அணை, கிட்ரி. சாப்பாடு போற இடத்துல பாத்துக்கலாம். ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது" என்று உத்தரவிட்டீர்கள். சரியான உத்தரவு. அங்கே டாங்கிகளுக்குள் பிள்ளைகள் அசைய முடியாமல் நின்றார்கள்.

முதல் லாரி கண்ணிவெடியில் ஏறியது. டெல்பர்ட் ஸ்ட்ரவுட், லின்வுட் பெட்வே, ஒஸ்வால்டோ பாகா. மூன்று பேரும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். பின்னால் வந்து, விலகப் பார்த்து வெடி வயலுக்குள் மாட்டிக்கொண்ட லாரிக்காரர்கள் நால்வரை நீங்கள் தூக்கி வந்தீர்கள். சாயங்காலம் மருத்துவக் கூடாரத்தில் இரண்டு கையிலும் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் காப்பி கொண்டுவந்து உங்கள் வாயருகில் பிடித்தேன். குடிக்கவில்லை. "அந்த மூணு பேரும் வெறும் வயித்தோட போனாங்க, கிட்ரி. நான்தான் அனுப்புனேன்" என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எடுத்ததே இல்லை. நான் எடுக்கவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

அவர்கள் வெறும் வயிற்றோடு போகவில்லை, சார்.

நான் உங்கள் உத்தரவை மீறினேன். நீங்கள் ரேடியோ வண்டிக்குத் திரும்பியதும், முட்டைப் பொரியலை பிரெட்டுக்குள் அள்ளி வைத்து, இரண்டு ரொட்டித் தட்டு நிறையச் சுமந்துகொண்டு லாரி லாரியாக ஓடினேன். ஜன்னல் வழியாகத் திணித்தேன். பின்னாலிருந்து முன்னால் வந்ததால் முதல் லாரி கடைசியாயிற்று. அது நகரத் தொடங்கியிருந்தது. எதிரில் போய் நின்று மறித்தேன். நீங்கள் ரேடியோவில், "முன்னாடி ஏன் நிக்குது?" என்று கத்தினீர்கள். ஸ்ட்ரவுட் என்ன பதில் சொன்னான் என்று நினைவிருக்கிறதா? "டயர் பாக்குறோம் சார், நாலு நிமிஷம்" என்றான். நீங்கள் எழுதிய அறிக்கையிலும் அந்த நான்கு நிமிட டயர் சோதனை இருக்கிறது. டயருக்கு ஒன்றும் இல்லை. அவன் வாய் நிறைய முட்டை. என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொன்னான்.

எனக்கு ஆட்களின் பெயர் மறந்துபோகும், தட்டு மறக்காது. ஸ்ட்ரவுட் இரண்டு வாங்கினான். ஒன்றைக் கையிலும் ஒன்றை வாயிலும் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை முழங்கையால் பிடித்தான். பெட்வேக்கு முட்டை பிடிக்காது. அவனுக்கென்று ஒரு டின் பீச் பழம் சட்டைக்குள் போட்டுக் கொண்டுபோனேன். விரலால் எடுத்துத் தின்றுவிட்டு, சாற்றையும் குடித்துவிட்டு, டின்னை என் தலைமேல் கவிழ்த்து வைத்தான். பாகா பிரெட்டைத் திறந்து பார்த்து, "என்ன சார்ஜண்ட், நோயாளிக்குச் செஞ்சீங்களா? உங்க ஊரு காரச் சாஸ் எங்க?" என்று கேட்டான். என் பையில் எப்போதும் இருக்கும் பாட்டிலைக் கொடுத்தேன். பாதியை ஊற்றிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, "இப்பத்தான் விடிஞ்சுது" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள். "கர்னல் சாப்பிட்டாரா?" என்று பெட்வே கேட்டான். "அவரு எப்ப முன்னாடி சாப்பிட்டாரு?" என்றேன். அப்படியே கிளம்பிப் போனார்கள்.

ஏன் உங்களிடம் சொல்லவில்லை? அந்த நான்கு நிமிடம்தான் காரணம். நான் மறிக்காமல் இருந்திருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள் என்று நினைத்தேன். நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன். அடுத்த வருடம் கண்ணிவெடி அகற்றும் பொறியாளர் கேப்டன் ஒருவர் சொன்னார், அந்த வெடியைப் பல நாளுக்கு முன்பே புதைத்திருந்தார்கள், முதலில் வரும் சக்கரம் எதுவோ அதுதான் மாட்டியிருக்கும், எப்போது வந்திருந்தாலும். வெடிக்கு நேரம் தெரியாது. அது தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. வான்கோழி விஷயத்தில் ஒருமுறை எனக்காகத் தலை கொடுத்த மனிதரிடம், மறுபடியும் உத்தரவை மீறினேன் என்று எப்படிச் சொல்வேன்? உங்கள் கண்ணில் நான் நல்ல சார்ஜண்டாகவே இருந்துவிட ஆசைப்பட்டேன். என் பெயரைக் காப்பாற்ற உங்களை முப்பத்திரண்டு வருடம் அவர்களுக்காகக் காத்திருக்க வைத்துவிட்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கொடுக்காவிட்டாலும் உங்கள்மேல் எனக்குள்ள நன்றி குறையாது.

இன்னொன்றும் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அன்று காலை அடுப்பை அணைத்துவிட்டோம். வரிசை என்றே ஒன்று இல்லை. அதனால் நான் பாத்திரத்தில் இரண்டு அடி அடிக்கவில்லை. என் மெஸ்ஸில் மூடாமல் விட்ட வரிசை அது ஒன்றுதான். நீங்களும் அன்று சாப்பிடவில்லை.

ஜெனரல், உங்கள் மெஸ் சார்ஜண்டாக நான் அறிக்கை தருகிறேன். இருபத்திரண்டு லாரி, ஆட்கள் அத்தனை பேரும் வாங்கியாயிற்று. ஸ்ட்ரவுட் சாப்பிட்டுவிட்டான். பெட்வே சாப்பிட்டுவிட்டான். பாகா சாப்பிட்டுவிட்டான், காரத்தோடு. இன்னும் வரவேண்டியவர் யாரும் இல்லை. உங்களுக்குப் பின்னால் ஒருவரும் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்க வேண்டாம்.

உங்களைப் போன்ற ஒருவரின் கீழ் கரண்டி பிடிக்கக் கொடுத்துவைத்தேன். ஆண்டவர் உங்களுக்குப் பசியைத் தரட்டும். ஏப்ரலில் முழங்கால் சரியானதும் உங்களைப் பார்க்க நெப்ராஸ்காவுக்கு வருகிறேன். அப்போது உங்களைத் திட்டிக்கொண்டே பரிமாற வேண்டும், அதற்கு நீங்கள் இருக்க வேண்டும்.

ஜோலீன், கரண்டியை எடு அம்மா. பாத்திர விளிம்பில் இரண்டு அடி, அவர் காதில் விழும்படி.

இப்படிக்கு,
உங்கள் சமையல்காரன்,
ஆல்சீட் கிட்ரி